மே மாதத்தில் ஒரு வஞ்சிரத் துண்டு

காவிரிப் படுகையின் கடற்கரை, கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றில் தொடங்கி, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று தெற்கு நோக்கி இறங்கி, கோடியக்கரையில் மேற்கே திரும்பி, முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளைத் தொடுகிறது. வழிநெடுக மீனவர் ஊர்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. ஆற்றின் வண்டலும் நன்னீரும் வந்து சேரும் முகத்துவாரங்களில் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாயும் வளர்கின்றன. இப்படிப்பட்ட கரையில் பயணம் செய்கிறவர், நடுப்பகலில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, அந்த மண்ணுக்கே உரிய ஒரு மீன் குழம்பை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. எங்கள் எதிர்பார்ப்பு எவ்வாறு பொய்த்தது என்பதையும், சமையற்காரர் ஒருவரின் கைப்பிசகு என்று அதை என்னால் ஏன் விட்டுவிட முடியவில்லை என்பதையும் எழுத விரும்புகிறேன்.

மே மாதத்தின் பிற்பகுதியில் என் தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் கும்பகோணத்தில் தங்கிக் கோயில்களைப் பார்த்துவிட்டு, மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்றோம். மேட்டூர் அணை திறக்கப்படாத மாதம் ஆகையால் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. வயல்களில் கோடைப் பருத்தி நின்றது. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைச் சுற்றிப் பார்த்து முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. என் தாயார் திருமுல்லைவாசலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். திருமணமாகி ஈரோட்டுக்கு வந்தபின், அதே காவிரியின் கரையில்தான் வாழ்கிறார் என்றாலும், அவர் சமைப்பது பெரும்பாலும் அணை மீனும், ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் கடல் மீனும்தான். அவர் உணவைப் பற்றிக் குறை சொல்லும் வழக்கம் உடையவர் அல்லர். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: கடற்கரையோரமாக எங்காவது ஒரு வேளை மீன் குழம்பு சோறு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே செல்லும்போது ஒரு பெரிய கடல் உணவகம் கண்ணில் பட்டது. முகப்பில் கண்ணாடிச் சுவர், கார்கள் நிறுத்த விசாலமான இடம், உள்ளே குளிரூட்டிய கூடம், சுவரில் வலை வீசும் மீனவர் ஒருவரின் ஓவியம். உணவுத் தட்டின் மேல் வாழை இலையைப் படமாக அச்சடித்த காகிதம் விரித்திருந்தார்கள். திருவையாற்றிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் தார் தாராக வாழையும் கட்டுக் கட்டாக இலையும் வெளியூர்களுக்குப் போகும் மாவட்டங்களுக்குப் பக்கத்தில், இலைக்குப் பதில் இலையின் படம் வந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனாலும் உணவு நன்றாக இருந்தால் காகிதம் ஒரு பொருட்டல்ல என்று எண்ணிக்கொண்டேன்.

பட்டியலில் வஞ்சிரம் வறுவல், வாவல் வறுவல், இறால் தொக்கு, நண்டு மசாலா, மீன் குழம்புடன் சாப்பாடு, குழந்தைகளுக்கு ஃபிங்கர் ஃபிஷ் என்று எல்லாமே இருந்தன. என்ன மீன் நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்கு, பரிமாற வந்த இளைஞர், “எல்லாமே காலைல வந்த மீனுங்க சார். நம்ம நாகப்பட்டினம் போட்டு மீனு,” என்றார். என் தாயார் உடனே, “போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கே தம்பி, அப்புறம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். கேள்வியில் கடுமை இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. அந்த இளைஞர் சற்றுத் திகைத்து, மேனேஜரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் திரும்பி வந்தபோது பதில் வரவில்லை, தண்ணீர் வந்தது.

தாயார் கேட்டது சரியான கேள்வி. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குச் செல்லக் கூடாது. தொடக்கத்தில் 45 நாள்களாக இருந்த இந்தத் தடைக்காலம் பின்னர் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் கடலின் அடியைக் கலக்காமல் விடுவதே இதன் நோக்கம். புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்காலும் இதே நாள்களைப் பின்பற்றுகிறது. அந்த நாள்களில் நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்குப் போனால், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதையும், வலை பின்னுவதும் வண்ணம் பூசுவதும் இயந்திரம் பழுதுபார்ப்பதுமாக மக்கள் இருப்பதையும் காணலாம். வருமானம் நின்றுபோகும் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் உதவித்தொகையை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் அறிவித்தார்கள். அந்தக் கரையில் வாழ்கிற குழந்தைக்கும் தெரிந்த செய்தி இது. அப்படியிருக்க, மே மாதத்தில், பெரிய வஞ்சிரத்தை நாகப்பட்டினம் விசைப்படகு அன்று காலை கொண்டுவந்ததாகச் சொல்லுமாறு பணியாளரைப் பழக்கியிருக்கிறார்கள் என்பதே முதல் ஏமாற்றம்.

வஞ்சிரம் வந்தது. ஒரு துண்டு 380 ரூபாய். சோளமாவும் மிளகாய்த்தூளும் கலந்த கனத்த பூச்சு, அதன்மேல் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மிளகாய் அந்த நிறத்தைத் தராது. காஷ்மீர் மிளகாய்கூடத் தராது. மீன் வறுவலில் செயற்கை நிறமி சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அரசு கபாப் வகைகளில் அதைத் தடுத்துத் தனியாக ஆணையே பிறப்பித்தது. பூச்சை விலக்கிப் பார்த்தால் உள்ளே சதை ஈரமின்றி நார் நாராகப் பிரிந்தது. உறையவைத்து, உருகவிட்டு, மறுபடியும் உறையவைத்த மீனில் சதையின் நீர் வடிந்துவிடும். எவ்வளவு மசாலா தடவினாலும் அந்த நீர் திரும்பி வராது. புதிய வஞ்சிரத்தைத் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் வாட்டினால், விரல் பட்டதும் இதழ் இதழாக விலகும். தொண்டையில் தண்ணீர் தேவைப்படாமல் இறங்கும். எங்களுக்கு வந்ததை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க முடிந்தது. வயிற்றுப் பக்கத்துச் சதை கறுத்து, லேசான வாடை வீசியது. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் போதிய குளிர்ச்சியில்லாமல் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. உடலில் தடிப்பும் தலைவலியும் வரலாம். அந்தப் பகுதியை மகள் தொடவேண்டாம் என்று என் மனைவி ஒதுக்கி வைத்தார்.

வறுவலைக்கூட மன்னிக்கலாம். குழம்புதான் எங்களை வருத்தியது.

வந்தது தக்காளியும் வெங்காயமும் அரைத்த ஒரு பொதுச்சாறு. அதில் கரம் மசாலா மணத்தது. முந்திரியோ வேறெதுவோ சேர்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். புளி இருப்பதை நாக்கால் தேடவேண்டியிருந்தது. மீன் துண்டுகள் தனியாக வேகவைக்கப்பட்டோ பொரிக்கப்பட்டோ, பரிமாறும் நேரத்தில் அந்தச் சாற்றுக்குள் இறக்கப்பட்டவை என்பது பிட்டவுடனே தெரிந்தது: வெளியே சிவப்பு, உள்ளே உப்புக்கூட ஏறாத வெள்ளை. பக்கத்து மேசைக்குப் போன கோழிக் குழம்பின் நிறமும் மணமும் அதுவேதான். ஒரே அண்டாவிலிருந்து கோழிக்கும் மீனுக்கும் நண்டுக்கும் சாறு எடுத்து ஊற்றும் சமையலறையில், மீன் குழம்பு என்ற ஒன்று உருவாவதற்கே வழியில்லை.

ஏனென்றால் அந்தப் பகுதியின் மீன் குழம்பு மீன் சேர்வதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிற சமையல். என் தாயார் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய வரிசை இது. பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கையால் கலக்கி, அந்தப் பச்சைக் கரைசலை நாக்கில் வைத்துப் பார்த்து, புளிப்பும் காரமும் உப்பும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா என்று முடிவுசெய்த பிறகே அடுப்பைப் பற்றவைப்பார். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் தாளிப்பு வடகம் விழும். தஞ்சை, நாகைப் பக்கத்து வீடுகளில் கோடை வெயிலில் செய்துவைக்கும் பொருள் அது: நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் பிசைந்து, இரவில் ஊறவைத்துப் பகலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, ஈரம் முழுவதும் போகும்வரை வெயில் காட்டுவார்கள். எண்ணெயில் அது பொரியும்போது எழும் மணம் தெருமுனை வரைக்கும் போய், இந்த வீட்டில் இன்றைக்கு மீன் என்று சொல்லிவிடும். அதன்பின் உரித்த வெங்காயமும் பூண்டும் வதங்கி, புளிக்கரைசல் கொதித்து, எண்ணெய் மேலே தெளிந்து வந்த பிறகு, பருவம் என்றால் இரண்டு மாங்காய்த் துண்டுகளும், கடைசியில் மீனும் சேரும். மீன் போட்டபின் கரண்டி விடமாட்டார்கள். சட்டியின் விளிம்பைப் பிடித்துச் சுழற்றுவதோடு சரி. ஐந்தாறு நிமிடத்துக்குள் இறக்கி, ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டால்தான் புளி மீனுக்குள் போகும். சிலர் இறுதியில் அரைத்த தேங்காய் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள். அதுபற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் உறுதியான கருத்து உண்டு. ஆனால் புளியையும் வடகத்தையும் விட்டுவிட்டு அந்தக் குழம்பை நினைக்கிற வீடு அந்தப் பக்கத்தில் இருக்காது.

இந்தச் சமையலில் உணவகத்தால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. வடகம் அந்த ஊர்ச் சந்தையிலேயே உருண்டையாக விற்கிறது. புளிக்குழம்பு காலையில் வைத்து மதியம் பரிமாறினால் சுவை கூடுமே ஒழியக் குறையாது. பெருங்கூட்டத்துக்குச் சமைப்பவருக்கு இதைவிட வசதியான குழம்பு கிடைக்காது. அப்படியிருந்தும் தன் வாசலில் இருக்கிற சமையலை விட்டுவிட்டு, எந்த நெடுஞ்சாலையிலும் கிடைக்கிற ஒரு சாற்றை ஏன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

இறால் தொக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் கடல் இறால் என்று எழுதியிருந்தது. வந்தது வளர்ப்புக் குளத்து வன்னமை. இலத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இறாலை வளர்க்க இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்தது; அதன்பின் அதுவரை வளர்த்துவந்த வரி இறாலை அது பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. வன்னமை உண்ணத் தகாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரையில் இறால் குளங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் நெல் வயல்களுக்குப் பக்கத்தில் உப்புநீர்க் குளங்கள் பெருகி, நிலத்தடி நீர் கெட்டபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவும் கட்டுப்பாடுமாகத் தொழில் தொடர்கிறது. குளத்து இறாலைக் குளத்து இறால் என்றே எழுதுவதற்கு, இவ்வளவு நடந்த ஊரில் இருக்கிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. அதை வேகவைக்கும் நேரமாவது சரியாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும் இறாலை வதக்கி வதக்கி ரப்பராக்கியிருந்தார்கள்.

நண்டின் ஓட்டுக்குள் தண்ணீர்தான் அதிகம். ஃபிங்கர் ஃபிஷ், பாசா மீன்; ஆந்திரத்தின் குளங்களிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ உறைநிலையில் வரும் முள்ளற்ற சதை. மகளுக்கு அது பிடித்திருந்தது. குழந்தைக்கு முள்ளில்லாத மீன் பிடிப்பது இயல்பு. ஆனால் கடலைக் கண்ணால் பார்த்த கையோடு அவள் சாப்பிட்ட மீனுக்கு அந்தக் கடலோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

என் தாயார் குழம்பை ஒருமுறை ஊற்றிக்கொண்டதோடு நிறுத்தி, மோர் வாங்கிச் சோற்றை முடித்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. பணம் செலுத்தும்போது நான் மேனேஜரிடம் பேசினேன். அவர் மரியாதையாகவும் வெளிப்படையாகவும் பதில் சொன்னார் என்பதை இங்கே பதிவுசெய்வது நியாயம்.

“தடைக்காலத்துல மீனு கேரளாவுலேர்ந்தும் மங்களூர்லேர்ந்தும் லாரியில வருது சார். கொஞ்சம் ஸ்டாக் வச்சிருப்போம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாறுக்கும் வர்றவங்கதான் எங்களுக்கு வியாபாரம். உக்காந்த உடனே வஞ்சிரம் இருக்கா, இறால் இருக்கான்னு கேக்குறாங்க. இல்லேன்னா எழுந்து அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. மத்தி, காரப்பொடியெல்லாம் போட்டுப் பாத்தோம். முள்ளுன்னு ஒதுக்கி வச்சிட்டாங்க.”

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால், மே மாதத்தில் அங்கே படகுகள் ஓடுகின்றன. அந்த மீன் மலை கடந்து இங்கே வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் வருகிற கூட்டம் நான்கைந்து மீன்களின் பெயரை மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறது என்பதும் மறுக்க முடியாதது. கடலில்லாத உள்மாவட்டங்களில் இருப்பவர்களான நாமே மீன் என்றால் வஞ்சிரம், வாவல் என்று சுருக்கிக்கொண்டோம். விலை கூடிய மீனே நல்ல மீன் என்று நினைக்கிறோம். கவளையையும் கிழங்கானையும் விருந்தினருக்கு வைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணுகிறோம்.

ஆயினும் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கேரளத்து மீன் என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். நாகப்பட்டினம் போட்டு மீன் என்று சொல்லி விற்பது வேறு. 2004 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் மிக அதிகமான உயிர்களை ஆழிப்பேரலைக்குக் கொடுத்த மாவட்டம் நாகப்பட்டினம். வீட்டையும் உறவையும் படகையும் இழந்தவர்கள் மறுபடியும் அதே கடலில் இறங்கித் தொழிலை மீட்டெடுத்தார்கள். சுவரில் அவர்களின் ஓவியத்தை மாட்டி, அவர்களின் ஊர்ப்பெயரைச் சொல்லி, அவர்கள் அன்றைக்குப் பிடித்துவந்த மீனை மட்டும் வாங்காமல் இருப்பது எனக்கு மனம் ஒப்பாத செயலாகத் தோன்றுகிறது.

அந்த மீன் இல்லாமலும் இல்லை. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரமும், ஃபைபர் படகு உள்ளிட்ட நாட்டுப் படகும் தடைக்காலத்திலும் போகின்றன. அன்று மாலை சீர்காழிப் பக்கம் உள்ள அத்தை வீட்டுக்குப் போகும் வழியில், சாலையோரத்தில் அலுமினிய அன்னக்கூடைகளை வைத்துக்கொண்டு சில பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். என் தாயார் வண்டியை நிறுத்தச் சொன்னார். கூடைகளில் மத்தி, கிழங்கான், காரப்பொடி, கொஞ்சம் மடவை, இவற்றோடு கோலாவும் இருந்தது. சோழமண்டலக் கரையில் மே, ஜூன், ஜூலை மாதங்களுக்கு உரிய மீன் கோலா; நீண்ட துடுப்புகளை விரித்து நீருக்கு மேலே பறப்பது. கடலில் மிதக்கும் பொருள்களில் முட்டையிடுவது அதன் இயல்பு என்பதால், தழைகளைக் கட்டுக் கட்டாக மிதக்கவிட்டு, அதைத் தேடி வரும் கோலாவைப் பிடிக்கும் முறை இந்தக் கரையில் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. ஈரோட்டில் என் தாயார் அதைக் கண்ணால் கண்டதில்லை.

“இது இன்னைக்கு வந்ததா?” என்று அவர் கேட்டதற்கு, விற்ற பெண், “செவுளத் தூக்கிப் பாருக்கா. போட்டு போவாத நாளு, ஃபைபர்ல வந்த பொடி மீனுதான். பெருசு கேட்டா ஐஸ் மீனுதான் கெடைக்கும், அது எங்கிட்ட இல்ல,” என்றார். செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தது, கண் தெளிந்திருந்தது, விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பியது. மதியம் குளிரூட்டிய கூடத்தில் எவ்வளவோ பணம் கொடுத்தும் கிடைக்காத விவரம், சாலையோரத்தில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. எது வந்தது, எதில் வந்தது, எது இல்லை என்ற மூன்றையும் அந்த அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அத்தை வீட்டில் கோலாவைக் குழம்பிலும் கிழங்கானைக் கல்லிலும் போட்டார்கள். கோலாவின் சதை சற்று இறுக்கமானது. சிறு முள் உண்டு. அதனாலேயே நல்ல புளிப்புள்ள குழம்பு அதற்குப் பொருந்துகிறது. கிழங்கானின் முள் நடுவில் ஒரே தண்டாக வந்துவிடும். அதைப் பிரித்துக் கொடுத்தபோது மகள் மறுக்காமல் சாப்பிட்டாள். வீட்டுச் சமையலோடு உணவகச் சமையலை ஒப்பிடுவது சரியன்று என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பிடுவது சமைத்த கையை அன்று. அந்த நாளில் கரைக்கு வந்த மீன் எது என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்களா என்பதைத்தான். கடற்கரை ஊர்களில் சிறிய மெஸ்களில் இன்றும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. மதியம் போனால் இன்றைக்கு இந்த மீன்தான் என்பார்கள், தீர்ந்தால் தீர்ந்தது என்பார்கள். அங்கே குளிரூட்டி இருக்காது, வண்டி நிறுத்த இடம் இருக்காது. முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு உச்சி வெயிலில் வருகிறவர் பெரிய உணவகத்தைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய உணவகம் அந்த வசதியோடு அந்த மீனையும் தரவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மேனேஜரிடம் நான் கேட்டுக்கொண்டதை இங்கும் எழுதிவிடுகிறேன், அந்தச் சாலையில் கடை நடத்துகிற வேறு யாரேனும் படிக்கக்கூடும் என்பதால். வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றன்றைக்கு வந்த மீனின் பெயரையும் அது வந்த இடத்தையும் அதில் எழுதுங்கள்: பழையாறு மடவை, தரங்கம்பாடி கோலா, முத்துப்பேட்டைச் சேற்று நண்டு, குளத்து வன்னமை, கேரளத்து வஞ்சிரம். கேரளத்து வஞ்சிரம் வேண்டும் என்கிறவர் தெரிந்தே வாங்கட்டும். சிறு மீனில் முள் என்று தயங்குகிறவர்களுக்குக் கிழங்கானைக் கொடுத்துப் பாருங்கள். சுறா கிடைக்கும் நாளில் புட்டு செய்யுங்கள், அதில் முள்ளே வராது. தடைக்காலம் முழுவதும் பெரிய மீன் இல்லை என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். மீன் பெருகட்டும் என்று ஒரு கரையே படகைக் கட்டிவைத்திருப்பதை அறிந்தால், வெளியூர்க்காரர்கள் அதை மதிப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். குழம்புக்கு மட்டும் தனிச் சட்டி வையுங்கள், அதில் வடகம் தாளியுங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வடகத்தை மட்டும் முதலாளியிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.